குறிலை நீட்டியவன்

நான் ஏறுகிறேன், பாட்டு தொடங்குகிறது.
கடைசி இருக்கைப் பையன்கள்
பிளாஸ்டிக்கில் தட்டுகிறார்கள்:
தும் தும் த, தும் தும் த.

மிஷ்கோல்ட்ஸ் நகரம், ஒன்றாம் எண் ட்ராம்.
என் பெயர் பகோஷ் வெண்டெல்.
பயணச்சீட்டுப் பரிசோதகர்.
பதினேழு வருடம், ஒரே கோட்டு,
முழங்காலில் இரண்டு அறுவை.

பாட்டு இப்படிப் போகிறது:
துரத்துறான் துரத்துறான்
பொத்தான் தெறிக்கத் துரத்துறான்,
ஒத்தைச் சீட்டுக்காக என்
ஒட்டுமொத்த உசிரைக் கேக்குறான்.

பாடியவன் டான் கிஃப்லி.
கிஃப்லி என்றால் பிறை வடிவ ரொட்டி,
பள்ளிக்கூடப் பையின் அடியில் நசுங்கிக் கிடக்குமே, அது.
வீடியோவில் அவன் கழுத்தில் தங்கச் சங்கிலி.
உற்றுப் பார்த்தால் சைக்கிள் சங்கிலி,
பொன்வண்ணம் அடித்தது. பூட்டு இன்னும் தொங்குகிறது.
பின்னால் அவனுடைய 'சொகுசுக் கார்':
செங்கல் மேல் நிற்கும் சக்கரமில்லாத வார்ட்பர்க்.
அதைச் சுற்றி நாலு அடியாட்கள் கைகட்டி முறைக்கிறார்கள்,
ஒருவன் கையில் மட்டும்
வீட்டில் வாங்கிவரச் சொன்ன பால்.

எமெஷெ பார்த்தாள். தேநீர் மூக்கில் ஏறியது.
"உன் நடையேதான்" என்றாள் என் மனைவி,
இருமிக்கொண்டே, இன்னொரு முறை போட்டுக்கொண்டே.

எனக்குச் சுட்டது நடை அல்ல.
எங்கள் மொழியில் பரிசோதகர் 'எல்லெனோர்'. கடைசி ஓ நெடில்.
பீருக்கு 'ஷொர்'. குறில்.
அவன் குறிலை இழுத்து இழுத்து
என் பதவியோடு கட்டிவிட்டிருந்தான்,
எருமையோடு கன்றுக்குட்டியை
ஒரே ஏரில் பூட்டியதைப் போல.
இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.
ஒருவராவது கேட்க வேண்டாமா?

சங்கச் செயலாளர் மனு எழுதச் சொன்னார்.
எழுதினேன். 'மேற்படி பாடகர்' என்று தொடங்கி
'தும் தும் த'வை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
மடித்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி. காலை நாலே முக்கால்.
ஊய்ட்யோர் சதுக்கத்தில் ஒருவன் ஏறினான்,
புருவத்தில் மாவு, காதுமடலில் மாவு,
கையில் சூடு விடும் காகிதப் பை.
பாட்டில் 'வெள்ளைப் பொடி கடத்துறேன்' என்றவன்
இரவெல்லாம் கடத்தியது இதைத்தான் போல.
"சீட்டு" என்றேன்.
மாதாந்திரப் பாஸ். செல்லும்.
ஹல்மோஷ் கெர்ஷோன் என்று பெயர்,
முடிவடையும் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.
பதினேழு வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான பாஸை
நான் பார்த்ததில்லை, உறை போட்டு வைத்திருந்தான்.

"அது நானா?" என்று கேட்டுவிட்டேன்.
அவனுக்குக் காது சிவந்தது, மாவுக்குள்ளே.
"நீங்க இல்ல சார். அது புடாபெஸ்ட் ஆளுங்களைப் பத்தி.
வாடகைக் கார், வாடகைத் துப்பாக்கி,
போலீஸ் துரத்தலேன்னா அவங்க பாட்டே நகராது.
நம்ம ஊர்ல யார் சார் துரத்துறா?
யோசிச்சுப் பார்த்தேன்,
நீங்க மட்டும்தான்."

ட்ராம் வளைவில் கிறீச்சிட்டது.
கோபப்படலாமா என்று பார்த்தேன், இடம் அகப்படவில்லை.
"ஷொர் குறில்" என்றேன்.
"தெரியும் சார். இழுத்தாத்தான் சிரிப்பு."
பையிலிருந்து ஒரு கிஃப்லி எடுத்து நீட்டினான்.
பணியில் இருக்கும்போது எதையும் வாங்கக் கூடாது, விதி.
இறங்கியபின் இருக்கையில் கிடந்ததை என்ன செய்வது,
அதற்கு விதி இல்லை.

இன்று மாலை மறுபடியும் அதே பையன்கள்.
தும் தும் த. என்னைப் பார்த்துக்கொண்டே
எல்லெனோர் வரை வந்து, வேண்டுமென்றே நிறுத்தினார்கள்.
ட்ராம் முழுக்கக் காத்திருந்தது,
பனிக்கோட்டு அம்மாக்கள், ஒரு நாய், ஓட்டுநரின் கண்ணாடி.

"ஷோ...ர்" என்றேன்,
மூச்சு முட்டும்வரை நீட்டி.

கதவு அதிரச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
பிறகு கேட்டேன் சீட்டை.
மூன்று பேருக்கு அபராதம்.
அதில் ஒருவன் கையெழுத்துப் போடும்போதும்
பேனாவால் தட்டிக்கொண்டிருந்தான்.